போய்ப் பாப்பம்

எங்கே போகிறோம் என்று கேட்டால் அக்காவுக்குக் கோபம் வராது. பதிலும் வராது. "போய்ப் பாப்பம்" என்பார், அவ்வளவுதான். மழை வந்தால் என்ன செய்வது, திரும்பி வர பஸ் இருக்குமா, அந்தப் பூங்காவில் கழிப்பறை இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதில். ஆரம்பத்தில் எனக்கு அது பதிலாகவே படவில்லை. நான் கேட்ட கேள்வியை வாங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிடுகிறார் என்றுதான் தோன்றியது.

அவர் என் கூடப் பிறந்த அக்கா இல்லை. டூங்கபி என்ற புறநகரில் நாங்கள் குடியிருக்கும் பழைய செங்கல் அடுக்ககத்தில் எதிர் வீட்டுக்காரர், அவ்வளவுதான். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் "என்னத்துக்குத் தம்பி உங்களுக்கு இந்த வேலை" என்று போனில் வந்துவிடுவார். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் ஜூட்டுக்கு ஏழு வயது, ஷெரினுக்கு ஐந்து, கடைக்குட்டி இன்னும் தள்ளுவண்டியில். அவனுக்கும் ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு, ஆனால் எல்லோருக்கும் அவன் பபா. கணவர் அப்போது மெல்பேர்னில் இருந்தார். அங்கே ட்ருகனினா என்ற பகுதியில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்து முன்னால் போயிருந்தார். குளிர்காலப் பள்ளி விடுமுறையில் குடும்பமும் பின்னால் போவதாக ஏற்பாடு. ஆக அக்காவுக்கு இந்த ஊரில் மிச்சமிருந்தது ஓர் இலையுதிர் காலம்தான். அதை அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து வீணாக்குவதாக இல்லை.

என் கதை வேறு. என் மனைவி பரமட்டா பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவன். வேலை தேடிக்கொண்டிருந்தேன், தேடியது கிடைக்கும்வரை நாலு வயது மகள் இனியாவைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. விருதுநகரிலிருந்து மாமா போன் செய்வார். "மாப்ள, என்ன பண்றீங்க?" "பிள்ளையப் பாத்துக்கிறேன் மாமா." "அது சரி. வேலைக்கு என்ன பண்றீங்க?" இந்த உரையாடல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எழுத்துப் பிசகாமல் நடக்கும்.

பகலில் நானும் இனியாவும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்போம். வெளியே போனால் நாய் வரும், வழி தவறும், யாராவது ஆங்கிலத்தில் வேகமாக ஏதாவது கேட்பார்கள். நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்பார்கள். எங்கள் வீட்டில் அது தகப்பனைப் போல பிள்ளை. "உங்கப்பா வாயைத் திறந்தாலே 'ஆனா'ன்னுதான் ஆரம்பிப்பாரு" என்று மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் மறுத்ததில்லை. ஆனால் ஒரு விஷயம், எச்சரிக்கையாக இருப்பது ஒன்றும் பாவமில்லை.

அப்படி இருந்த ஒரு மத்தியானம் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தால் அக்கா தள்ளுவண்டியோடு பாதிப் படியில் நிற்கிறார். அதற்குள் பபா மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

"தம்பி, இந்தப் பக்கத்தை ஒருக்காப் பிடியுங்கோ."

பிடித்தேன். கீழே இறக்கினேன். நன்றி சொல்வார், திரும்பிவிடலாம் என்று பார்த்தால், "பிள்ளைக்குச் சப்பாத்தைப் போட்டுக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நிக்கிறம்" என்றார்.

"எங்கக்கா?"

"போய்ப் பாப்பம்."

அன்றைக்குப் போனது ஓடைக்கரைக்கு. அங்கே தண்ணீருக்குள் யாரோ தள்ளிவிட்ட சூப்பர்மார்க்கெட் டிராலி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. ஜூட் அதைப் பார்த்ததும் மூழ்கிப்போன கப்பல் என்றான். கப்பலென்றால் மாலுமிகள் வேண்டும், மாலுமிகளுக்குப் பசி வேண்டும். தள்ளுவண்டியின் கீழ்க்கூடையிலிருந்து சம்பல் வைத்த பாண் ரொட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணி, விரித்து உட்கார ஒரு பிளாஸ்டிக் பாய் எல்லாம் வந்தன. குடை மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, "குடையைக் கொண்டு போனா மழைக்கு ரோசம் வரும்" என்றார். இனியா முதலில் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கையை விட்டாள். அப்புறம் பார்த்தால் முழங்கால்வரை சேறோடு ஷெரினின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அன்று இரவு தட்டில் போட்ட சோற்றைக் கதை எதுவும் கேட்காமல் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனைவி தூங்கும் பிள்ளையின் நகக்கண்ணில் சேற்றைப் பார்த்து, "பரவால்லையே" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்று. ஷெரினின் வகுப்பில் ஆசிரியை, இலையுதிர் காலம் வந்துவிட்டது, ஆளுக்கு ஒரு சிவப்பு இலை கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். எங்கள் பக்கத்து மரமெல்லாம் யூகலிப்டஸ். அது வருஷம் முழுக்க ஒரே அழுக்குப் பச்சையில் நிற்கும். காலம் மாறியது அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் காட்டிக்கொள்ளாது. ஷெரின் அழத் தொடங்கியதும் அக்கா, "ரயிலில போகேக்க ஒரு மரம் கண்டனான், ரத்தச் சிவப்பு" என்றார்.

"எந்த ஸ்டேஷன்கிட்டக்கா?"

"போய்ப் பாப்பம்."

ஒவ்வொரு நிலையமாக இறங்கினோம். மேடையில் நின்று நாலு பக்கமும் பார்ப்பது, இல்லை என்றால் அடுத்த ரயிலில் ஏறுவது. என் வாழ்க்கையில் இப்படி ஒரு பிரயாணம் செய்ததில்லை. கடைசியில் பார்த்தால் மரம் பென்டில் ஹில்லில், எங்களுக்கு அடுத்த நிலையம். நாங்கள் எதிர்த்திசையில் புறப்பட்டிருந்தோம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அக்கா சொன்னார், "இல்லாட்டி மிச்ச ஸ்டேஷனெல்லாம் எப்ப பாக்கிறது, தம்பி?" பிள்ளைகள் பை நிறைய இலை பொறுக்கினார்கள். பபா ஒன்றைத் தின்றுவிட்டான். ஒன்றும் ஆகவில்லை.

ஊரில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் காலத்தில் இங்கே காலைக் காற்றில் ஊசி இருக்கும். ஈஸ்டரும் அந்தச் சமயத்தில்தான். அதற்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் அக்கா புதுத் திட்டத்தோடு வந்தார். கோயிலில் எல்லோருக்கும் ஓலை கொடுப்பார்களாம், ஆனால் அக்காவுக்கு அது போதாதாம்.

"அது காய்ஞ்ச ஓலை, தம்பி. குருத்தோலை எண்டா குருத்தா இருக்கோணும். விரியாத ஓலை, பால் நிறத்தில. என்ர பிள்ளையள் ஒருநாளும் கண்டதில்ல."

"இங்க பனை ஏதுக்கா?"

கேட்டிருக்கக் கூடாது. தள்ளுவண்டி உருள ஆரம்பித்துவிட்டது.

நிலையத்துக்குப் போகும் தெருவில் ஒரு மால்டாக்காரத் தாத்தா வீடு இருந்தது. தாழ்ந்த வேலி, உள்ளே ஒரு மண்டரின் ஆரஞ்சு மரம், அதன் பக்கத்தில் தென்னைக்குத் தங்கச்சி போல ஒரு பனைமரம். அதிக உயரமில்லை, ஆளைவிடக் கொஞ்சம் கூட. உச்சி நடுவில் ஈட்டி மாதிரி விரியாத குருத்து நின்றது. தாத்தா முற்றத்தில் போன் பேசிக்கொண்டிருந்தார். அக்கா வேலிக்கு வெளியே நின்று, கோயிலுக்கு ஓர் ஓலை எடுக்கலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, எடுத்துக்கொள் அம்மா, எடுத்துக்கொள் என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

கத்தி இல்லை. "பிள்ளையளோட றோட்டில கத்தி கொண்டு திரியிறதோ?" என்று அக்கா அதைக் கொண்டு வரவில்லை. கவிழ்த்துப்போட்ட வாளி ஒன்றின் மேல் ஏறி நின்று, குருத்தை இரண்டு கையாலும் பற்றி, திருகி, இழுத்தார். பிள்ளைகள் கீழே நின்று "இழு, இழு" என்று கத்தினார்கள். அது சளக்கென்று ஒரு சத்தத்தோடு மொத்தமாக வந்தது. அடிப்பக்கம் முட்டைக்கோசுத் தண்டு போல வெளுத்து ஈரமாக இருந்தது.

அன்று மாலை அக்கா வீட்டுத் தரையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். குருத்தை விரித்ததும் பாலும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஓலைகள் மினுமினுத்தன. அக்கா பேசிக்கொண்டே சிலுவை பின்னினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. எங்களைப் பார்த்து, "உங்களுக்குச் சிலுவை வேண்டாமெண்டா கிளி செய்து தாறன்" என்றார். இனியா இரண்டும் வேண்டும் என்றாள். இரண்டும் கிடைத்தன.

மறுநாள் மனைவிக்கு வேலை. இனியா தன் சிலுவையோடு அவர்களுடன் போக வேண்டும் என்று அடம்பிடித்ததால் நானும் கோயிலுக்குப் புறப்பட்டேன். அன்றைக்குத்தான் இந்த ஊர்க்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் நாள். அக்கா வீட்டில் சுவர்க் கடிகாரம்தான் ராஜா. முந்தின இரவு அக்கா மறக்காமல் அதைப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். அப்பா இல்லாத வீட்டில் தான்தான் ஆம்பிளை என்று நினைத்துக்கொண்டு, ஜூட்டும் விடிந்ததும் நாற்காலியில் ஏறி இன்னொரு தரம் தள்ளி வைத்திருந்தான். நாங்கள் சாவகாசமாக மண்டரின் வாசனை பிடித்துக்கொண்டு நடந்து போய்ச் சேர்ந்தபோது பவனி முடிந்து, பூசையும் முடிந்து, ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அக்கா அசரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் சுவாமியாரைப் பிடித்து நிறுத்தி எங்கள் ஓலைகளை மந்திரிக்க வைத்தார். சுவாமியார் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த கிளியையும் சேர்த்தே ஆசீர்வதித்தார்.

திரும்பி வரும்போது ஜூட் முன்னால் சிலுவையைத் தூக்கிப் பிடித்தான். பின்னால் ஷெரின், இனியா, தள்ளுவண்டி, கிளியோடு நான். எங்களுக்கென்று தனியாக ஒரு பவனி. மால்டாத் தாத்தா வேலியருகே நின்றுகொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"நான் கீழே தொங்குகிற ஓலையைச் சொன்னேன்" என்றார் அவர் ஆங்கிலத்தில். குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ நடுவைப் பிடுங்கிவிட்டாய். இந்த மரத்துக்கு உயிரே அந்த ஓர் இடத்தில்தான். வேறு எங்கேயும் துளிர்க்காது."

பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, பாதி தனக்குள்ளே சொன்னார். மரம் அவருடைய மனைவி விதையிலிருந்து முளைக்க வைத்ததாம். அவள் மால்டாவில் தங்கையோடு இருக்கிறாள், வசந்தத்தில் வருகிறாள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனாளாம்: என் மரத்தைப் பார்த்துக்கொள்.

ஜூட் சிலுவையைக் கீழே இறக்கினான். "மம், அது செத்துப்போயிடுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அந்த ஒரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். அது வரவில்லை. தாத்தாவிடம் "சொறி" என்றார், இன்னொரு முறையும் "சொறி" என்றார், தள்ளுவண்டியைத் திருப்பினார். படிக்கட்டில் வண்டியைத் தூக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஊரில மேல ஏறி வெட்டிப் போடுறது ஆம்பிளையள், தம்பி. நாங்கள் கீழ நிண்டு பொறுக்கிறனாங்கள். எந்த இடத்தில வெட்டுறவை எண்டு நான் ஒருநாளும் கண்டதில்ல."

அடுத்து வந்த நாட்களில் படிக்கட்டில் சத்தமே இல்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே டிவி ஓடும். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், பழையபடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காரலாம். ஆனால் ஒரு மத்தியானம் பார்த்தால், இனியா தானே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வலதும் இடதும் மாறி, கதவருகில் நிற்கிறாள். செருப்பு, ஷூ என்றெல்லாம் சொன்னால் இப்போது அவளுக்குப் புரிவதில்லை, சப்பாத்துதான்.

எதிர்க் கதவைத் தட்டினேன். "அக்கா, எங்கயாவது போலாமா?"

"இண்டைக்கு வேண்டாம், தம்பி. எங்க போறது? மழை வாற மாதிரியும் கிடக்கு."

எங்க போறது, மழை வரும் என்பதெல்லாம் நான் பேசுகிற பேச்சு. அது அவர் வாயில் வந்ததைக் கேட்கச் சகிக்கவில்லை. அந்த மரம் பட்டுப்போனால் இந்த மனுஷியிடமும் ஏதோ ஒன்று பட்டுப்போகும், அதோடுதான் இவர் புது ஊருக்குக் குடிபோவார் என்று பயமாக இருந்தது. எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும் என்று அந்த வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது.

"மரத்தப் பாத்துட்டு வரலாம்க்கா" என்றேன்.

"அந்த மனுசன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

நான் ஏதாவது சொல்வதற்குள் ஷெரின் சப்பாத்தைத் தேட ஓடிவிட்டாள்.

முதல் தடவை தாத்தா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தார், வெளியே வரவில்லை. இரண்டாவது தடவை வந்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் அழுகிவிடும் என்றார். மூன்றாவது தடவை போனபோது மரத்தின் உச்சியில் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று தொப்பி மாதிரி கவிழ்ந்திருந்தது. அவர் வேலைதான். அதன் பிறகு வெயிலடிக்கும் நாளில் டப்பாவைக் கழற்றுவார். நான் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக் காட்டுவேன். அவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து அறிக்கை வாசிப்பார்கள். "ஓட்டை." "ஓட்டைதான்." "எறும்பு." அக்கா மட்டும் பார்க்க மாட்டார். வேலியோரமாக நின்று பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஊரில் பத்து நாளில் அடுத்த குருத்து எட்டிப் பார்த்துவிடும் என்று அக்கா சொல்லியிருந்தார். இங்கே குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. குளிரில் மரமும் போர்த்திக்கொண்டு தூங்கும், இப்போது எதையும் சொல்ல முடியாது என்றார் தாத்தா. பென்டில் ஹில் மரம் மொட்டையானது. ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கியது. தாத்தா ஒவ்வொரு முறையும் பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் மண்டரின் பழங்களைத் திணித்து அனுப்புவார். கோபம் போய்விட்டதா என்று கேட்டால், "என்னுடைய கோபம் பெரிய விஷயமில்லை, என் பெண்டாட்டி வரட்டும்" என்பார். அந்த மனிதருக்கு மனைவியிடம் இருந்த பயம் எனக்கு மிகவும் பழக்கமான பயமாக இருந்தது. அதனாலேயே நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதரானோம்.

குளிர்கால விடுமுறையில் லாரி வந்தது. கட்டில், நாற்காலிகள், அந்தச் சுவர்க் கடிகாரம் எல்லாம் ஏறின. அக்கா என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னிடம், "தம்பி, மரத்தை மறந்திடாதேங்கோ" என்றார். அதுவரை அது ஓட்டைதான்.

ட்ருகனினாவிலிருந்து அவ்வப்போது குரல் செய்தி வரும். "இஞ்ச எல்லாம் புது வீடு, தம்பி. மரத்தையெல்லாம் கம்பில கட்டி நிப்பாட்டி வச்சிருக்கிறாங்கள். வெளிக்கிட்டா காத்து ஆளைத் தூக்குது. இவர் வேலைக்குப் போனா நாங்கள் உள்ளுக்கதான். ஒரு இடமும் தெரியாது, எங்க போறது?" பின்னணியில் டிவி ஓடும் சத்தம் கேட்கும். நான் அதை இரண்டு முறை கேட்டுவிட்டு மனைவியிடம் கொடுப்பேன். அவளும் கேட்டுவிட்டுத் திருப்பித் தருவாள்.

நானும் இனியாவும் போய்க்கொண்டே இருந்தோம். குளிர் விடப்போவதற்கு அடையாளமாக எங்கள் தெருவில் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூக்கத் தொடங்கிய சமயம், என் தோளில் உட்கார்ந்திருந்த இனியா ஓட்டைக்குள் குனிந்து பார்த்துவிட்டு என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, பென்சில்! பச்சைப் பென்சில்!"

தாத்தா ஸ்டூலைத் தேடி ஓடினார். அவர் ஏறிப் பார்த்தார், இறங்கி எனக்கு இடம் விட்டார், நான் பார்த்தேன். கூர்மையாக, விரல் நீளத்துக்கு, ஓட்டையின் நட்ட நடுவில் அது நின்றது. தாத்தா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நான் போட்டோ எடுத்து ட்ருகனினாவுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் குரல் செய்தி வந்தது. பபா ஏதோ பிதற்றுகிறான். அப்புறம் அக்காவின் மூக்குறிஞ்சும் சத்தம். பிறகு, "வந்திட்டுதோ" என்று ஒரே ஒரு சொல்.

வசந்தத்தில் பாட்டி வந்தார். அவர் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே தாத்தா எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாராம். "இவர் கையில் விட்டுப் போனதில் வேறு ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று பார், எல்லாம் வாடிப்போச்சு. மரத்தை மட்டும் ஊரே சேர்ந்து பார்த்திருக்கிறது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். பெரிய உடம்பும் அதைவிடப் பெரிய குரலும் உள்ளவர்.

மறுபடியும் இலையுதிர் காலம் வந்தது. எனக்கு வேலை கிடைத்திருந்தது, பழைய கார் ஒன்றும் வாங்கியிருந்தோம். மாமாவின் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி மாறி, இப்போது சம்பளத்தில் வந்து நின்றிருந்தது. இனியா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிலையத்திலிருந்து நடந்து வரும்போது பாட்டி வேலியருகே காத்துக்கொண்டு நின்றார். கையில் ஈரத் துணி சுற்றிய நீளமான ஒன்று. மரத்தில் இப்போது ஒன்றன் பின் ஒன்றாகக் குருத்து வந்துகொண்டிருந்தது. ஒன்றை நன்றாக மேலே, அடிக்கு ஆபத்தில்லாமல், ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்.

"நாளை மறுநாள் குருத்தோலை ஞாயிறு. இது அந்தப் பெண்ணுக்கு" என்றார். "எங்கே அவள்?"

மெல்பேர்னில் என்று சொன்னேன். தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேரும், போவதற்குள் வாடிவிடும், சனி ஞாயிறு தபால் கிடையாது என்று வரிசையாக யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். குருத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மேசையின் நீளம் போதவில்லை. மனைவிக்கு அந்த வாரக் கடைசியில் ஓய்வு.

"எவ்ளோ நேரம் ஓட்டணும் தெரியுமா? முழுப் பகலும் ரோட்டுலதான்" என்றேன், யாரும் எதுவும் கேட்காமலேயே. "நான் இதுவரைக்கும் பரமட்டாவத் தாண்டி ஓட்டினது கிடையாது. ஆனா..."

மனைவி சிரித்தாள். இனியா சப்பாத்து அலமாரியருகே போய் உட்கார்ந்து, "போய்ப் பாப்பம்" என்றாள். விருதுநகர்க்காரன் பெற்ற பிள்ளை, அசல் மன்னார்க் குரலில்.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். குருத்து முன் சீட்டிலிருந்து பின் சீட்டுவரை நீண்டு, மனைவியின் தோளுக்கும் இனியாவின் காலுக்கும் நடுவே படுத்திருந்தது. ஊர் எல்லை தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி அக்காவுக்கு போன் செய்தேன். வருகிறோம் என்று சொன்னதும் அக்கா பதறிப்போனார்.

"காரிலயோ? இவ்வளவு தூரமோ? தம்பி, மழை எண்டு சொல்லுறாங்கள். வழி தெரியுமோ? சாப்பாட்டுக்கு எங்க நிப்பாட்டுவீங்கள்? பிள்ளை தாங்குமோ? இருட்ட முதல் வந்து சேருவீங்களோ?"

நான் இந்தக் கேள்விகளையெல்லாம் முந்தின இரவே எனக்குள் கேட்டு முடித்திருந்தேன். ஒன்றுக்கும் பதில் கிடைத்திருக்கவில்லை.

"போய்ப் பாப்பம்க்கா" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. கிட்டத்தட்ட ஒரு வருஷமாக நான் கேட்காத, படிக்கட்டையே அதிரவைக்கும் அந்தச் சிரிப்பு. அது அடங்குவதற்குள் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் குரல் கொடுத்தார்.

"ஜூட்! ஷெரின்! டிவியை நிப்பாட்டுங்கோ. இனியா வாறா. வந்தா எங்க கூட்டிக்கொண்டு போறதெண்டு ஒரு இடம் பாத்து வைக்க வேண்டாமோ? கெதியா சப்பாத்தைப் போடுங்கோ!"

பின்னால் ஜூட்டின் குரல், எங்கே போகிறோம் மம் என்று ஆங்கிலத்தில். அக்கா போனை அணைக்கவில்லை, எங்கேயோ வைத்துவிட்டார் போல. தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது, ஒரு கதவு திறந்தது, காற்று ஹோவென்று உள்ளே வந்தது. அவர் ஜூட்டுக்குச் சொன்ன பதில் அந்தக் காற்றில் எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் வண்டியைக் கிளப்பினேன்.